சோதனையில் பலர் படிக்காத பாதி

தாய்மொழியின் வினைச்சொற்களைக் குழந்தை கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்கிறதா, அல்லது விதியைக் கண்டுகொண்டு தானே ஆக்கிக்கொள்கிறதா? இதற்கு விடையாக உளவியல் நூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது, அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட சோதனையை. ஆங்கிலத்தில் இல்லாத சொற்களைப் புனைந்து, படங்களோடு 4 முதல் 7 வயதுவரையுள்ள குழந்தைகளிடம் காட்டினார் அவர். படத்தில் ஒருவன் ஏதோ செய்கிறான். அச்செயலுக்குப் பெயர் 'பிங்'. நேற்றும் அதையே செய்தான் என்றால் எப்படிச் சொல்வது? 78 விழுக்காட்டுக் குழந்தைகள் இறந்தகால விகுதியைச் சேர்த்து 'பிங்ட்' என்றனர். வாழ்நாளில் கேட்டிராத சொல்! ஆகவே குழந்தை விதியை அறிந்திருக்கிறது என்று நூல்கள் முடித்துவிடுகின்றன.

அதே அட்டவணையில் சற்றுக் கீழே பாருங்கள். பனிக்கட்டி உருகுவதைக் குறிக்கும் 'மெல்ட்' பழகிய சொல். 'மெல்டட்' என்று 73 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். 'மாட்' என்ற புனைசொல்லுக்கு 'மாட்டட்' என்றவர்களோ 33 விழுக்காடுதான். இரண்டும் முடிவது ஒரே ஒலியில், விதியும் ஒன்றே. ஆய்வுக்கூடத்தில் இப்படி இரண்டு அளவுகள் வந்தால் சராசரி எடுத்துக்கொண்டு போக எந்த ஆசிரியரும் விடமாட்டார். 'மெல்டட்' முழுச்சொல்லாகவே நினைவில் தங்கியிருக்கிறது. அந்த ஒலிக்குரிய விதி பலருக்கு இன்னும் கைவரவில்லை. நினைவும் விதியும் ஒரே தலைக்குள் வேலை செய்கின்றன. பெர்க்கோ எண்களை ஒளிக்கவில்லை. எடுத்தாள்பவர்கள்தாம் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் இட்ட முறையில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. 'மாட்' என்று மாற்றாமலே சொன்ன குழந்தைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் 'கட்', 'ஹிட்' போன்றவை இறந்தகாலத்திலும் மாறுவதில்லையே! அவற்றை ஒட்டிச் சொன்ன விடையைப் பிழை என்று தள்ளலாமா?

தமிழில் இச்சோதனையை அப்படியே நடத்த நினைப்போருக்கு இது பெரிய சிக்கலாகும். 'செடு' என்றொரு வினையைப் புனையுங்கள். நடு, நட்டான் என்பதுபோல் 'செட்டான்' எனலாம். எடு, எடுத்தான் என்பதுபோல் 'செடுத்தான்' எனவும் ஆகலாம். இரண்டும் தமிழ்தான். சரி, தவறு என்று பிரித்து எண்ணினால் எதை அளந்தவர்களாவோம்? எந்தச் சொல்லை ஒட்டிக் குழந்தை விடை சொல்கிறது என்றல்லவா எண்ண வேண்டும்? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தால் கேட்டுப் பாருங்கள். திருத்தாமல், சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்.