பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுவது

2000 மே மாதம் 2-ம் தேதி, ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது இப்படித்தான். விதி ரொம்ப எளிது. டப்பாவைக் கண்டுபிடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுது, பிறகு தளத்தில் பதிவு செய்.

டப்பாவுக்கு அந்தத் தாள் சாட்சி. ஆட்டக்காரர்கள் கூடுகிற சந்திப்புகளுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. வருகைப் புத்தகம் வைக்கலாம், ஆனால் கையெழுத்துப் போட்டால்தான் 'கலந்துகொண்டேன்' என்று பதியலாம் என அமைப்பாளர் கட்டாயப்படுத்த முடியாது. அந்தப் பதிவும் டப்பா கண்டுபிடித்த கணக்கோடு ஒன்றாகக் கூடிவிடும். காட்டில் மூன்று மணி நேரம் தேடினாலும் ஒன்று, காபி குடித்தாலும் ஒன்று.

இன்னொன்று, டிராக்கபிள். குறியீட்டு எண் பொறித்த சின்ன உலோக வில்லை. ஒருவர் வாங்கி ஏதாவது பொருளோடு சேர்த்து அனுப்புவார், அது கைமாறி ஊர் ஊராகப் போகும். எங்கே பார்த்தாலும் அந்த எண்ணைத் தளத்தில் போட்டு 'பார்த்தேன்' என்று பதியலாம். எண் தெரிந்தால் போதும், தளம் வேறெதையும் கேட்காது.

நான் ஆன்சைட் வேலையாக ஜெர்மனியில் இருந்தபோது நடந்தது இது. அங்கே ஊருக்கு ஊர் ஆட்டக்காரர்கள் மாதம் ஒருமுறை உணவகத்தில் கூடுவார்கள், ஷ்டாம்டிஷ் என்று பெயர். ஒரு சந்திப்பில் மேஜை நிறைய டிராக்கபிள்கள். பக்கத்தில், எண்களை வரிசையாக அச்சடித்த ஒரு தாள். "போட்டோ எடுத்துக்கோங்க, வீட்ல போய்ப் பதிஞ்சுக்கலாம்" என்றார் ஒருவர். நானும் எடுத்தேன். அன்று இரவு 43 எண்களுக்கும் ஒரே வரியைக் காப்பி பேஸ்ட் செய்தேன். கல்லூரியில் ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் போட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் உறுத்துமா என்ன?

இரண்டு நாள் கழித்து ஒரு பெண்மணியிடமிருந்து செய்தி. மகள் அனுப்பிய துணி முயலாம். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தகவலே இல்லை. 'எங்கே பார்த்தீர்கள்? முயல் இன்னும் வில்லையோடுதான் இருக்கிறதா? மகளிடம் சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். மேஜையில் எந்த முயலும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அமைப்பாளரிடம் விசாரித்தேன். தாள் பழையதாம், அதில் பாதி வில்லைகள் அன்று அங்கே வரவே இல்லையாம். மன்னிப்புக் கேட்டு உண்மையை எழுதினேன். 43 பதிவுகளையும் நீக்கினேன்.

"இது வெறும் விளையாட்டு, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது இந்த ஆட்டத்தில் அடிக்கடி கேட்கிற வாதம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரிதான். பரிசு இல்லை, அவரவர் கணக்கு அவரவருக்கு. ஆனால் பதிவு என்பது மதிப்பெண் மட்டும் இல்லை, இன்னொருவருக்குப் போகும் தகவலும்கூட. வில்லையின் சொந்தக்காரர் அதை நம்புகிறார். அடுத்துத் தேடப்போகிறவரும் நம்புகிறார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில குழப்பங்கள் தெளிகின்றன. ஐந்து நிமிஷம் தலைகாட்டிவிட்டுக் கிளம்புகிறவர் 'கலந்துகொண்டேன்' என்று போடுவது மரியாதைக் குறைவு, ஆனால் பொய் இல்லை. வராத நண்பனின் பெயரைப் புத்தகத்தில் எழுதுவது பொய். 'வருகிறேன்' என்று போட்டுவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுவது, அதை நம்பி உணவகத்தில் இடம் பிடித்த அமைப்பாளருக்கு நேரடி நஷ்டம். பையில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து எல்லோரிடமும் நீட்டி, 'கண்டுபிடித்தேன்னு போட்டுக்கோங்க' என்பதும் பொய்தான். யாரும் எதையும் தேடவில்லையே.

தளத்தைத் திருத்தினால் சரியாகிவிடாதா என்று என் மென்பொருள் புத்தி கேட்கிறது. ஓரளவுக்கு ஆகும். ஒரே சந்திப்பில் வைக்கும் தற்காலிக டப்பாக்களுக்காகப் பலமுறை 'கலந்துகொண்டேன்' என்று பதிகிற வழக்கம் முன்பு இருந்தது. இப்போது ஒரு சந்திப்புக்கு ஒரு முறைதான் பதிய முடியும். ஆனால் எண்ணைத் தட்டியவர் வில்லையைக் கண்ணால் பார்த்தாரா என்பதை எந்த நிரலும் சரிபார்க்க முடியாது. அது நம்பிக்கையில் ஓடுகிற இடம்.

சந்திப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மேஜையில் வில்லைகளை வையுங்கள், எண் பட்டியலை வைக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு மாலையில் பத்துதான் பதிய முடியும். பரவாயில்லை. அந்தப் பத்துப் பேருக்காவது போய்ச்சேருவது உண்மைத் தகவலாக இருக்கும்.