ஓட்டமும் நிய்யத்தும்

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கூறும் கருத்து, பல வேளைகளில் படத்தைக் காட்டிலும் பார்த்தவர்களின் உள்ளத்தையே நமக்குக் காட்டிவிடுகிறது. சமயப் பற்றைப் பொருளாகக் கொண்ட படமென்றால் கேட்கவே வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்னும் ஆங்கிலப் படம் இதற்கு நல்லதொரு சான்று. விளையாட்டைப் பற்றிய படமா, விசுவாசத்தைப் பற்றிய படமா என்ற வினா அதைப் பார்த்தவர்களிடையே இன்றும் ஓயவில்லை.

காலின் வெல்லண்ட் எழுத, ஹியூ ஹட்சன் இயக்க, டேவிட் பட்னம் தயாரித்த படம் இது. 1982இல் சிறந்த படம், மூலத் திரைக்கதை, இசை, ஆடையமைப்பு ஆகிய நான்கிற்கும் ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஒரு கிறித்தவரையும் ஒரு யூதரையும் பற்றிய இப்படத்திற்குப் பொருளுதவி செய்தவர்களுள் எகிப்திய முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த டோடி ஃபாயதும் ஒருவர் என்பதையும் நம் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

கதை எளியது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இரண்டு பிரிட்டானிய ஓட்டக்காரர்கள் செல்கிறார்கள். ஒருவர் ஹெரால்ட் ஆபிரகாம்ஸ். கேம்பிரிட்ஜில் பயிலும் யூத இளைஞர். தம் இனத்தாரை ஏளனமாகப் பார்க்கும் உயர்குடியினரை ஓடி வெல்ல வேண்டுமென்ற வேட்கை அவரை ஓட்டுகிறது. மற்றவர் எரிக் லிடல். சீனாவில் பிறந்த ஸ்காட்லாந்து நாட்டு மிஷனரி மகன். தம் கால்களின் வேகம் இறைவன் அருளியது; ஓடுவதே அவனுக்குச் செலுத்தும் நன்றி என்று கருதுகிறார். நூறு மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைகிறது. ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்கிறார் லிடல். இளவரசரே எதிரில் அமர்ந்து வற்புறுத்தியும் இசையவில்லை. பின்னர் நானூறு மீட்டரில் ஓடிப் பொற்பதக்கம் பெறுகிறார். நூறு மீட்டரை ஆபிரகாம்ஸ் வெல்கிறார்.

இதைக் கண்டவர்களின் கருத்துகளை மூன்றாக வகுக்கலாம்.

‘படம் மெல்ல நகர்கிறது; பந்தயத்தின் பரபரப்பு இல்லை’ என்பது முதல் கருத்து. ஓட்டத்தை மட்டும் காண வந்தவர்களின் குறை இது. பத்து விநாடியில் முடியும் பந்தயத்தை இரண்டு மணி நேரப் படமாக்கும்போது, ஓடுபவனின் கால்களைவிட அவன் நெஞ்சுக்குள் நடப்பதே பொருளாக வேண்டும். ஆபிரகாம்ஸின் பயிற்சியாளர் சாம் முஸ்ஸாபினி வரும் காட்சியொன்றை எண்ணிப் பாருங்கள். கூலி பெற்றுப் பயிற்சி தருபவர் என்பதால் அவர் அரங்கத்தினுள் செல்லவில்லை. அருகிலுள்ள விடுதி அறையில் தனியே அமர்ந்திருக்கிறார். ஓட்டம் முடிந்துவிட்டது, வென்றது யாரென்று அவருக்குத் தெரியாது. தேசிய கீதம் காற்றில் மிதந்து வருகிறது. சன்னல் வழியே கொடி ஏறுவதைக் காண்கிறார். தம் தொப்பியைக் கையால் குத்திக் கிழித்துக்கொண்டு அழுகிறார். பந்தயத்தையே காட்டாமல் வெற்றியைக் காட்டும் இக்காட்சியைக் கண்டபின்னும் விறுவிறுப்பில்லை என்பாரோடு வாதிட நமக்கு விருப்பமில்லை.

‘ஞாயிற்றுக்கிழமை ஓடினால் என்ன கெட்டுவிடும்? இது வெறும் பிடிவாதம்’ என்பது இரண்டாவது கருத்து. நேரம் குறித்து இறைவனுக்குக் கடமையாற்றும் நமக்கு இந்தப் பிடிவாதம் விளங்காத ஒன்றன்று. அந்நாளின் புனிதத்தில் நமக்கு உடன்பாடில்லாமலிருக்கலாம். ஆனால் மன்னனுக்கு மேலே ஒரு மன்னன் உண்டு என்று நிமிர்ந்து சொல்லும் குரல் நமக்கு அந்நியமானதா? மேலும், லிடல் விளையாட்டை வெறுத்தவர் அல்லர். ஓட்டம் ஊழியத்திற்குத் தடையாகிவிடுமோ என்று அஞ்சும் தங்கைக்கு, இரண்டும் ஒன்றே என்று அவர் படத்தில் விளக்குகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்த செய்தியை அறிந்த நமக்கு இந்த விளக்கம் புதிதன்று.

நாம் நின்று ஆராய வேண்டியது மூன்றாவது கருத்தையே. பக்தியுள்ள பார்வையாளர்கள், எந்தச் சமயத்தினராயினும், பெரும்பாலும் கூறுவது இதுதான்: ‘இறைவனுக்காக ஒன்றை விட்டார், இறைவன் அவருக்குப் பொன்னையே கொடுத்தான்.’

இந்தக் கருத்துக்குப் படமே இடம் கொடுக்கிறது. ஓட்டத்திற்குச் சற்று முன் அமெரிக்க வீரர் ஒருவர் லிடலின் கையில் ஒரு சீட்டைத் தருகிறார். இறைவனைக் கண்ணியப்படுத்துவோரை அவன் கண்ணியப்படுத்துவான் என்ற கருத்துடைய வேத வாசகம் அதில் இருக்கிறது. சீட்டைக் கையில் பற்றியபடியே அவர் ஓடுகிறார், வெல்கிறார். வாக்குறுதி ஒரு நிமிடத்திற்குள் நிறைவேறிவிடுகிறது! உண்மையில் அத்தகைய சீட்டொன்றை அன்று காலை அவரிடம் சேர்த்தவர் குழுவின் உடற்பிடிப்பாளர். மற்றொரு மாற்றமும் உண்டு. கப்பலேறும் வேளையில்தான் ஞாயிற்றுக்கிழமைச் செய்தி லிடலுக்குத் தெரிய வருவதாகவும், உயர்குடி நண்பர் ஒருவர் தம் இடத்தை விட்டுக்கொடுப்பதாகவும் படம் காட்டுகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்கு அது தெரியும். தமக்குக் கைவந்த நூறு மீட்டரை அப்போதே கைவிட்டு, நானூறு மீட்டருக்காகப் பயிற்சி செய்தார்.

படத்திற்காகச் செய்த மாற்றங்கள்தாமே என்று தள்ளிவிடலாம். ஆனால் இவற்றால் விசுவாசத்தின் உருவமே மாறிப்போகிறது. ஒரு மாலைப்பொழுதில் இளவரசர் முன் ‘முடியாது’ என்பது துணிவு. பல மாதங்கள், யாரும் பாராட்டாத வேளையிலும், இழப்பை ஏற்றுக்கொண்டு வேறொரு தூரத்திற்குத் தன்னைப் பழக்குவது பொறுமை. நாம் சபூர் என்கிறோமே, அது. படம் துணிவைக் காட்டியது, சபூரைக் காட்டவில்லை.

இன்னொரு வினாவையும் கேட்டுப் பார்ப்போம். நானூறு மீட்டரில் லிடல் தோற்றிருந்தால்? அவருடைய மறுப்பு பிழையாகியிருக்குமா? 1967இல் முகம்மது அலி தம் சமய நம்பிக்கையைக் காட்டி இராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள், மூன்று ஆண்டுகளுக்கு மேல் மேடையேற முடியவில்லை. திரும்பி வந்தவர் 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேஸியரிடம் தோற்றார். அத்தோல்வியால் அவருடைய மறுப்பின் மதிப்பு ஒரு குன்றிமணி அளவேனும் குறைந்ததா? நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை அறிந்தவர்கள் பதக்கத்தைக் கொண்டு விசுவாசத்தை எடைபோட மாட்டார்கள். கொடுத்ததற்குக் கைம்மாறு எதிர்பார்ப்பது வணிகம், இக்லாஸ் ஆகாது.

படத்திலேயே இதற்கு விடையாக ஒரு காட்சி இருப்பதுதான் வியப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமையில் லிடல் பாரிஸிலுள்ள தேவாலயத்தில் நின்று, களைத்தவர்க்கு இறைவன் வலுவளிப்பதைக் கூறும் வேதப் பகுதியை வாசிக்கிறார். இடையிடையே மைதானம் காட்டப்படுகிறது. வீரர்கள் மெதுவான அசைவில் ஓடுகிறார்கள், சேற்றில் விழுகிறார்கள், தோற்கிறார்கள்; ஆபிரகாம்ஸும் தோற்கிறார். வாசிப்பவரின் குரலில் வெற்றிக் களிப்பில்லை. விழுந்தவர்கள்மீது இரக்கமே இருக்கிறது. எரிக் லிடலாக நடித்த ஐயன் சார்ல்ஸனின் முகத்தை அப்போது பாருங்கள். படத்தின் ஆன்மிகம் அங்கேதான் இருக்கிறது, பொற்பதக்கத்தில் இல்லை. ஆனால் பார்வையாளர் நினைவில் தங்குவதோ கடற்கரை ஓட்டமும் வான்ஜெலிஸின் இசையும்தான்.

படம் முடியும்போது, லிடல் சீனாவில் இறந்தார் என்று ஒரு வரி திரையில் தோன்றி மறைகிறது. அந்த ஒரு வரிக்குள் இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. 1925இல் அவர் சீனா சென்று ஆசிரியராகப் பணியாற்றினார். போர் நெருங்கிய 1941இல் கருவுற்ற மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியென் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கே 1945 பிப்ரவரி 21ஆம் நாள், 43 வயதில், மூளைக் கட்டியால் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் முகாம் விடுவிக்கப்பட்டது.

அம்முகாமில் நடந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறும் செய்தி ஒன்றுண்டு. பிள்ளைகளின் விளையாட்டுகளை மேற்பார்த்து வந்த லிடல், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வழக்கம்போல் ஒதுங்கியிருந்தார். நடுவர் இல்லாத ஹாக்கி ஆட்டம் ஒரு ஞாயிறன்று அடிதடியில் முடிந்தது. அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகள் அவர்கள். லிடல் யோசித்தார், அதன்பின் ஞாயிற்றுக்கிழமையிலும் நடுவராக நின்றார்.

பிடிவாதம் என்று குறை கூறியவர்களும், பொன் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் ஒருசேர அறிய வேண்டிய செய்தி இது. தம் புகழுக்காகவோ நாட்டின் புகழுக்காகவோ ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுக்கொடுக்காதவர், பிள்ளைகள் சண்டையின்றி விளையாட வேண்டும் என்பதற்காக அதை விட்டுக்கொடுத்தார். பாரிஸில் மறுத்ததும் முகாமில் இசைந்ததும் ஒரே நிய்யத்தின் இரு செயல்களே. படத்தில் முதலாவது இருக்கிறது. இரண்டாவதையும் அறிந்துகொண்டு அதை மீண்டும் ஒருமுறை பார்ப்பவர்கள், லிடல் கோட்டைத் தொடும் அக்கணத்தில் கைதட்டுவதோடு நின்றுவிட மாட்டார்கள்.