ரெஜிஸ்டரைத் திறக்காத துப்பறிவாளர்

இயான் சான்சம் எழுதிய ‘தி கேஸ் ஆஃப் தி மிஸ்ஸிங் புக்ஸ்’ நாவலில் கொலை கிடையாது. காணாமல் போவது 15,000 புத்தகங்கள். நூலகர் வேலைக்காக லண்டனிலிருந்து வட அயர்லாந்தின் டம்ட்ரம் என்ற கற்பனைச் சிற்றூருக்கு வருகிறான் இஸ்ரேல் ஆம்ஸ்ட்ராங். யூதன், இறைச்சி சாப்பிடாதவன், ஊருக்குப் புதியவன். வந்து இறங்கினால் நூலகத்தையே மூடிவிட்டார்கள். நடமாடும் நூலக வண்டியைப் பார்த்துக்கொள் என்கிறார்கள். தங்குவதற்குக் கோழிக்கூண்டை மாற்றிக் கட்டிய ஓர் அறை. வண்டியில் அடுக்கலாம் என்று பார்த்தால் புத்தகங்களைக் காணோம். சரி, அதையும் நீயே கண்டுபிடி!

இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்பார்கள். ரத்தம் கண்ணில் படாது. துப்பறிகிறவர் போலீஸாக இருக்கமாட்டார். ஊர் சின்னதாக இருக்கும், கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும். இந்த உலகத்துக்கு நூலகரை ரொம்பவே பிடிக்கும். எலிசபெத் பீட்டர்ஸ் 1972-லேயே ஜாக்குலின் கிர்பி என்ற நூலகரைத் துப்பறிய வைத்தார். மிராண்டா ஜேம்ஸ் 2010-ல் தொடங்கிய வரிசையில் சார்லி ஹாரிஸ் என்ற நூலகர் டீசல் என்ற பெரிய பூனையோடு கொலைகாரர்களைத் தேடுகிறார். ஏன் நூலகர் என்றால் காரணம் எளிது. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஊரே அவர் முன்னால் வந்து போகிறது. யார் எதைப் படிக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

தமிழில் இப்படி ஒரு நூலகர் மரபு உருவாகவில்லை. நம் துப்பறிவாளர்கள் பெரும்பாலும் நகரவாசிகள். சுஜாதாவின் கணேஷ் வக்கீல். தமிழ்வாணனின் சங்கர்லால் உலகம் சுற்றுகிறவர். கோஸிக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறவர் தேவனின் சாம்புதான். 1940-களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள் அவை. பேங்க் குமாஸ்தாவான சாம்பு எதையாவது சொதப்புவார். அந்தச் சொதப்பலில் திருடன் தானாக வந்து மாட்டுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார். ‘மேதை’ என்று ஊர் கொண்டாடும். இஸ்ரேல் இதற்கு நேர் தலைகீழ். அவன் படித்தவன், தர்க்கம் தெரிந்தவன், தர்க்கப்படி போய்த் தப்பான ஆட்களைச் சந்தேகிக்கிறான். சாம்புவின் முட்டாள்தனத்தை ஊர் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. இஸ்ரேலின் அறிவைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. இரண்டு எழுத்தாளர்களும் நம்மைச் சிரிக்க வைப்பது ஒரே இடத்தில்தான்: புத்தியால் உலகத்தை நேர்கோட்டில் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை உடைகிற இடம்.

இதுவரை நானும் நன்றாகச் சிரித்தேன். ஆனால் நான் வடக்குத்துக்காரன். எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது.

கோஸி எழுத நெய்வேலியைவிடத் தோதான ஊர் இல்லை. நகரியத்துக்குள் எல்லாம் வட்டம், நம்பர், குவார்ட்டர்ஸ். அதற்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக எங்கள் வடக்குத்து. சுரங்கம், அனல்மின் நிலையம், மூன்று ஷிஃப்ட். “சம்பவம் நடந்த ராத்திரி எங்கே இருந்தீர்கள்?” என்று துப்பறிவாளர் கேட்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். “அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட் சார்” என்று டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார். யார் பர்மனன்ட், யார் கான்ட்ராக்ட், யாருக்கு எந்த வட்டத்தில் வீடு என்பதெல்லாம் பொதுச் சொத்து. சான்சமின் நாவலிலும் இஸ்ரேலுக்கு யாரையும் தெரியாது, ஆனால் ஊருக்கு அவனைத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பக்கங்களில் நான் சிரித்தது எங்கள் ஊரை நினைத்துத்தான்.

ஆனால் இஸ்ரேல் எப்போது வேண்டுமானாலும் லண்டனுக்குத் திரும்பலாம். அதனால்தான் அவனை எல்லோருக்கும் தெரிந்திருப்பது வெறும் நகைச்சுவையாக நின்றுவிடுகிறது. அங்கேயே பிறந்த ஒரு பெண்ணை அவனுடைய இடத்தில் வைத்துப் பார்த்தால் அதே பக்கங்கள் மூச்சு முட்டும். “எந்தத் தெரு?” என்பது நம் ஊர்களில் முகவரி கேட்கும் கேள்வி மட்டும் இல்லை, சாதியை விசாரிக்கும் கேள்வியும் அதுதான். ஒரு பெண் யாரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள் என்ற தகவல் அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது கோஸிக்கு முதலீடு. எங்களுக்கு அது வேவு. இந்த வேறுபாட்டைக் கோஸி பேசுவதே இல்லை. சான்சமும் ஊர் வம்பைப் பெரும்பாலும் வேடிக்கையாகவே விட்டுவிடுகிறார். நாவலின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஷிஃப்ட், தெரு, சம்பளம் என்று எல்லாம் வெளியே தெரிந்த ஊரில் ஒருவருக்கு அந்தரங்கமாக என்ன மிஞ்சும்? அவர் படிக்கிற புத்தகம். விவாகரத்துச் சட்டம் பற்றிய நூலை ஒருத்தி எடுத்துப் போகிறாள். வீட்டில் எந்நேரமும் சாமி பேசுகிற ஒரு பையன் பெரியாரைத் தேடுகிறான். அந்த வரி நூலக ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கிறது. நூலகத் துப்பறிவாளர் முதலில் கை வைக்கக்கூடிய இடமும் அந்த ரெஜிஸ்டர்தான்.

என் தொழிலில் இதற்கு லாக் என்று பெயர். யார் எப்போது எதைத் தொட்டார் என்று மென்பொருள் எழுதிக்கொண்டே இருக்கும். பிழையைக் கண்டுபிடிக்க அதைப்போல உதவுவது வேறில்லை. அதனாலேயே அதில் யாருடைய பெயரும் தகவலும் தெரியாமல் மறைத்து எழுதப் பழகுகிறோம். ஒரு வேலைக்காகச் சேர்த்த தகவலை இன்னொரு வேலைக்கு எடுப்பது எவ்வளவு சுலபம் என்பது எங்களுக்குத் தெரியும். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று எழுதி வைத்துவிட்டது. ரெஜிஸ்டரைப் புரட்டிக் கொலைகாரனைப் பிடிக்கிற நூலகர் சாமர்த்தியசாலி. ஆனால் தன் தொழிலுக்கு அவர் துரோகம் செய்கிறார்.

அப்படியென்றால் நூலகர் துப்பறியவே கூடாதா? அவர் தினமும் துப்பறிகிறவர்தான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு வருகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சரியாகக் கேட்கத் தெரியாமல் இருக்கலாம். பேச்சுக் கொடுத்து, அதைப் புரிந்துகொண்டு, நேரம் வீணாகாமல் சரியான புத்தகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நூலகரின் முக்கியமான வேலை என்று அவர் நினைத்தார். “அண்ணே, வீட்டுப் பத்திரம் பத்தி ஏதாச்சும் புக் இருக்கா?” என்று ஒரு அம்மா தயங்கிக் கேட்கும்போது, அதன் பின்னால் இருக்கும் பங்காளிச் சண்டையை ஊகிப்பதற்குத் தேவையான புத்தி ஷெர்லக் ஹோம்ஸின் புத்திக்குக் குறைந்ததில்லை. ஆனால் ஹோம்ஸ் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் விளக்கிச் சொல்வார். நூலகர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

சான்சமின் நாவலை நான் இன்னும் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. இறந்து கிடப்பது யார் என்று கேட்டால், அந்த நாவலில் நூலகமே என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகத்தை யார் எடுத்தார் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, நூலகத்தை யார் மூடினார் என்ற கேள்வி பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நமக்கு அது அந்நியமான கேள்வி இல்லை. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் போனது. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகம் பூட்டிக் கிடந்தால் பறிபோவது நம் பணம். அதைவிட, வேவு பார்க்காத ஒரே நாற்காலி ஊரிலிருந்து போய்விடுகிறது.

தமிழில் ஒரு நூலகத் துப்பறிவாளர் வரட்டும். சாம்புவைப்போலச் சிரிக்க வைக்கட்டும். டீக்கடையில் ஷிஃப்ட் கணக்குப் பார்த்துத் திருடனைப் பிடிக்கட்டும். இன்ஸ்பெக்டர் வந்து ரெஜிஸ்டரைக் கேட்டால் மட்டும், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன புத்தகம் வேணும், சொல்லுங்க சார்” என்று கேட்கட்டும்.