உடப்புக் கரைவலையும் அம்பாப் பாட்டும்

கரைவலை இழுக்கும்போது பாடும் தொழிற்பாட்டே அம்பா. புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள உடப்பு இதற்குப் பெயர்பெற்ற ஊர். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் அங்கே கரைவலைக் காலம் தொடங்கும். தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வர, இரு தலைப்புக் கயிறுகளையும் இரண்டு அணியினர் கரையில் நின்று நெடுநேரம் இழுப்பார்கள். ஓர் அணி முந்தினால் வலை கோணி மீன் தப்பிவிடும். அத்தனை கைகளையும் ஒரே கணத்தில் இழுக்க வைப்பது பாட்டுத்தான்.

ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடி இழுப்பார்கள். வலை தொலைவில் இருக்கையில் பாட்டு ஆறுதலாகப் போகும். மீன் சேரும் மடி கரையை நெருங்க நெருங்க நடை துரிதமாகும், அடிகள் குறுகும். தெய்வ வேண்டுதல், காதல், கேலி என்று மனப்பாடமான அடிகள் அடியெடுப்பவரிடம் ஏராளம். எதை எப்போது எடுப்பது, எவ்வளவு நீட்டுவது என்பதைக் கயிற்றின் இறுக்கமும் இழுப்போரின் களைப்பும் பார்த்தே அவர் முடிவு செய்கிறார். தேவைப்பட்டால் புது அடியும் அங்கேயே பிறக்கும். அம்பாவின் படைப்புத்திறன் முழுவதும் இந்தத் தேர்வில் இருக்கிறது. அதை வெறும் சொற்களாக அச்சிட்டுப் படிக்கும்போது பாதிக்கு மேல் காணாமற்போகிறது.

இதைக் கற்பிக்கத் தனி ஆசிரியர் இல்லை. கயிற்றைப் பிடித்து, காதால் கேட்டு, பிறகு வாய் திறப்பதே பாடம். பிழைவிட்டால் இழுவை குலைந்து உடனே தெரிந்துவிடும். எந்தப் பரீட்சையும் இவ்வளவு நேர்மையானதல்ல. ஆனால் நல்ல பாடகர் மறைந்தால் அவருடைய அடிகளும் மறைகின்றன. கரைக்கு வந்த சிறுவன் பள்ளியை இழந்த காலமும் இருந்தது. இலங்கையில் 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அம்பாவுக்காகக் கல்வி உரிமையை ஒருவரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இழுப்போரின் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. வலையும் தோணியும் முதலாளியான சம்மாட்டியுடையவை. செலவு போக மிஞ்சுவதில் இழுப்போருக்குப் பங்கு. பாட்டில் சம்மாட்டியைக் கேலி செய்யலாம். ஆனால் அவரிடம் முற்பணம் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு வலைக்குப் போவது எளிதல்ல. அம்பாவை உழைப்பின் ஆனந்தம் என்று மட்டும் போற்றும் கட்டுரைகள் இந்தக் கடனை மறைத்துவிடுகின்றன.

தொழில் மாறினால் பாட்டும் போய்விடலாம். பாய்க்கப்பல்களை நீராவிக் கப்பல்கள் அகற்றியபோது ஐரோப்பிய மாலுமிகளின் இழுவைப் பாட்டுகளும் தொழிலிலிருந்து ஒழிந்தன. இன்று இலங்கைக் கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய, கயிறிழுக்கும் வின்ச் அதே வேலையைச் செய்கிறது. முதுகு நோவு குறைகிறது. ஆட்களின் தேவையும் குறைகிறது. இயந்திரத்துக்குத் தாளம் வேண்டியதில்லை. பாட்டைக் காப்பதற்காக மனிதரை வருத்திக் கயிறு இழுக்கச் சொல்வது நியாயமாகாது.

அம்பாவை மேடையேற்றுவது சரியான மாற்றும் அல்ல. ஒலிவாங்கியின் முன் நடை ஒரே சீராகிவிடுகிறது, கூச்சம் தரும் அடிகள் வெட்டப்படுகின்றன. இன்னும் கையால் இழுக்கும் வலைகள் இருக்கும்போதே, வலை விட்டதிலிருந்து மடி கரையேறும் வரை ஒரு முழு இழுவையைப் பாடுவோரின் பெயர்களுடன் பதிவு செய்ய வேண்டும். அதை உடப்புப் பாடசாலைகளிலேயே முதலில் வைக்க வேண்டும்.