எண்ணி அனுப்பும் நிதானம்

ஆரக்கிள் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்பட்டு இயங்கும் நிரலாகிய செயல்முறை, அட்டவணையின் வரிசைகளை எக்ஸ்எம்எல் வடிவில் கோத்து, தொலைவிலுள்ள இணையச் சேவைக்குத் தானே அனுப்பி விடை பெறுவதில், பலரும் கவனியாத அழகு ஒன்று உண்டு. எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயர் தாங்கிய திறப்புக் குறிக்கும் மூடுகுறிக்கும் இடையே வைக்கும் எழுத்துமுறை. பூக்கட்டுபவர் விரல்கள் ஒவ்வொரு பூவுக்கும் முடிச்சிட்டுச் செல்வதுபோல, திறந்த குறி ஒவ்வொன்றும் தவறாமல் மூடப்படும்போது, அடுக்குக்குள் அடுக்காக விரியும் அந்த ஒழுங்கு கண்ணுக்கே இதம் தருகிறது.

அனுப்பும் பணியை மேற்கொள்ளும் யூடிஎல்_எச்டிடிபி என்னும் தொகுப்பில், கோரிக்கையைத் திறத்தல், தலைப்புகளை இடுதல், அனுப்பும் உள்ளடக்கமாகிய உடலை எழுதுதல், விடையைப் படித்தல், மூடுதல் என்ற படிகள் சீரான தாளக்கட்டுடன் தொடர்கின்றன. உடலின் நீளத்தை எழுத்துகளால் அல்லாமல் பைட்டுகளால் அறிவிக்க வேண்டும் என்பதில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. மூன்றே எழுத்தாகத் தோன்றும் ‘அம்மா’ யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் 15 பைட்டுகளாக விரிவதால், லென்த் சார்புக்குப் பதிலாகப் பைட்டுகளை எண்ணும் லென்த்பி சார்பைத் தேர்ந்து, உடலின் குறியேற்றத்தையும் வெளிப்படையாகக் குறிப்பவரின் கவனம் போற்றத்தக்கது. நீண்ட ஆவணத்தைச் சிறு துண்டுகளாக எழுதும் பொறுமையும், விடை முடிந்ததைப் பிழை வடிவில் தெரிவிக்கும் ‘உடல் முடிந்தது’ என்னும் அறிவிப்பைப் பதறாமல் பிடித்து இணைப்பை முறையாக மூடும் பண்பும் சேரும்போது, சில பத்து வரிகளே கொண்ட அந்த நிரல் செய்நேர்த்தி மிக்க கைவினையாகிறது.