மறைக்கப்படும் பெயர்கள்: சீறாவின் புரவலர் பாடல்களும் எமது நன்றியுரைகளும்

சீறாப்புராணம் படிப்பிக்கும் எம்மில் பலர் வழமையாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கதை ஓடிக்கொண்டிருக்கையில் இடையிலே அபுல்காசிம் என்ற பெயர் தலைகாட்டும். "இது புலவரை ஆதரித்த வள்ளலின் பெயர், அடுத்த பாட்டுக்குப் போவோம்" என்று கடந்துவிடுவோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கடந்து வந்தேன். ஒருநாள் பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "றசூலுல்லாட கதைக்குள்ள இவர்ர பேர் என்னத்துக்கு சேர்?" என்று கேட்டாள். கம்பருக்கு ஒரு சடையப்பர் இருந்தது போல உமறுவுக்கு இவர், அது மரபு என்று சொல்லிச் சமாளித்தேன். மரபு என்பது பதில் அல்ல என்று வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

விடயம் இலக்கிய ஆர்வலர்கள் அறிந்ததே. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது சீறா. இதைப் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்றும், அவரது மறைவின் பின் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் என்றும் செவிவழி வரலாறு சொல்கிறது. ஆனால் காப்பியத்துள் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் போற்றப்படுபவர் அபுல்காசிம் ஒருவரே. சீதக்காதியின் பெயர் இல்லை. இதை வைத்து உமறுவை நன்றி மறந்தவர் என்பாரும் உளர். செல்வரைப் புகழ்வதே காப்பியத்துக்குக் களங்கம் என்பாரும் உளர். முதல் குற்றச்சாட்டு எனக்கு அவசரமாகப் படுகிறது. உமறுவின் பெயரால் வழங்கும் சீதக்காதி திருமண வாழ்த்து என்ற நூலும் இருக்கத்தானே செய்கிறது. இரண்டாவதுதான் யோசிக்க வேண்டியது.

அதற்கு 'ஷுக்ர்' என்ற சொல்லிடம் போகவேண்டும். அல்குர்ஆனின் சொற்களுக்கு அகராதி செய்த றாகிப் அல்-இஸ்பஹானி, கிடைத்த அருளை மனதில் நினைத்து அதை வெளிக்காட்டுவதே ஷுக்ர் என்கிறார். அதற்கு எதிர்ச்சொல் குஃப்ர். அருளை மறந்து அதை மூடி மறைப்பது. இறைமறுப்புக்கு நாம் வழங்கும் அதே சொல்தான். அதன் வேர்ப்பொருள் மூடுதல் என்பதால் விதையை மண்ணால் மூடும் விவசாயியையும் அது குறிக்கும். ஸூறத்துல் ஹதீதில் அப்படி ஓர் இடம் வருகிறது. தின்ற தீனியின் பலனைத் தன் உடம்பின் கொழுமையிலே காட்டும் கால்நடையை அரபிகள் 'ஷகூர்' என்பார்களாம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. மாடு எசமானுக்கு நன்றியுரை வாசிப்பதில்லை. அதன் மேனி சொல்கிறது.

உமறு செய்ததும் அதுவே என்பேன். உண்ட சோற்றைத் தனியாக ஒரு முகவுரையில் சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. நூலின் உடம்பிலேயே தெரிய விட்டார். கதையோட்டம் ஓரிரு இடங்களில் தடைப்படுகிறது என்பதை மறுக்க மாட்டேன். அந்தத் தடையில்தான் பாடியவனும் ஒரு வீட்டில் உண்டு உடுத்து வாழ்ந்த மனிதன் என்பது ஞாபகத்துக்கு வருகிறது.

இருந்தாலும் பணக்காரருக்கு நன்றி சொல்வது இலகு. சொல்லச் சங்கடமான நன்றியும் உண்டு. தாயிபிலிருந்து மனம் நொந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைய அடைக்கலம் தந்தவர் முத்இம் இப்னு அதீ. இஸ்லாத்தை ஏற்காமலே பத்ர் போருக்கு முன் மரணித்தவர். அந்தப் போரில் எழுபது பேரளவில் கைதியானபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதை புஹாரி பதிவு செய்திருக்கிறது. எழுதுவோர் கவனிக்கவேண்டிய செய்தி இன்னொன்று: நபியவர்களின் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அந்த முத்இமுக்கு இரங்கற்பா பாடியிருக்கிறார். இப்னு ஹிஷாமின் ஸீறாவில் அது இடம்பெறுகிறது. மார்க்கத்தில் வேறுபட்டவர் என்பதற்காக ஹஸ்ஸான் பெயரை மூடவில்லை.

இனி எங்கள் வெளியீட்டு விழாக்களுக்கு வருவோம். எந்த நூலைப் புரட்டினாலும் 'நன்றிக்குரியோர்' என்று ஒரு பக்கம் இருக்கும். முதற்பிரதி பெறும் புரவலர், பிரதேச அரசியல்வாதி, அணிந்துரை தந்த பேராசிரியர். புரவலரின் பெயர் வருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, உமறுவே செய்ததுதான். தமிழைக் கற்றுத்தந்தவர் யார் என்று தேடினால்தான் அந்தப் பக்கம் பேசாது. உமறு தமிழ் கற்றது எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் என்பது மரபுச் செய்தி. அவர் ஓர் இந்து. எமது இலக்கிய வரலாறுகளில் ஒரு வரியில் வந்து போகிறார். கிழக்கிலே என் தலைமுறை எழுத்தாளர் பலருக்கும் இப்படி ஒரு கடிகைமுத்துப் புலவர் உண்டு. 1990க்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லி எழுதுவது எமக்குக் கஷ்டமாகிவிட்டது. இரு பக்கத்திலும் மையித்துகள் விழுந்த காலம் அது. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் விட்டது விட்டதுதான்.

எனக்குச் சீறாவைத் திறந்து காட்டியவர் ஆசிரியர் கலாசாலையில் ஒரு தமிழ் விரிவுரையாளர். திருநீற்றுப் பூச்சோடு வந்து ஹிஜ்றத்துக் காண்டத்தை ராகம் போட்டு வாசிப்பார். அரபுச் சொல் வருமிடத்தில் நிறுத்தி எங்களிடம் உச்சரிப்புக் கேட்பார். சந்தி பிரிக்கத் தெரியாத எனக்கு விடுதி வராந்தாவில் இருத்திச் சொல்லித் தந்தவர். எனது கட்டுரைத் தொகுதி வந்தபோது நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதித்தான் இருந்தேன். அச்சுக்குப் போகுமுன் பார்த்த ஒருவர், "ஊரில கதைப்பாங்க, விடுங்க சேர்" என்றார். விட்டேன். பதினான்கு பெயர் இருந்த பக்கம் பதின்மூன்றானது. புரவலரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

ஒரு பிரதியை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நன்றிப் பக்கத்தையும் வாசித்தார், அவசரப்படாமல்தான் வாசித்தார். பிறகு சீறா பற்றிய கட்டுரைக்குப் போய், ஓரிடத்தில் ஒற்று மிகாது என்று பென்சிலால் ஒரு 'க்' கன்னாவை வெட்டிக் காட்டினார். தேநீர் வந்தது. இரண்டாம் பதிப்பு எப்போது என்று கேட்டார்.

இரண்டாம் பதிப்பு இன்னும் வரவில்லை. அவரும் இப்போது இல்லை. அபுல்காசிமின் பெயர் வரும் பாடல்களை வகுப்பில் நான் இப்போது தாண்டிப் போவதில்லை.