ஒரு சதவீதப் பிசகு

பன்னிரண்டு சதுரங்கள் ஒரு வரிசை. அதன் கீழே இன்னொரு வரிசை, அப்படியே 22 வரிசைகள். மேலே இருப்பவை அச்சடித்தாற்போல ஒட்டி நிற்கின்றன. சில வரிசைகள் இறங்கியதும் ஒன்றிரண்டு சதுரங்கள் லேசாகச் சாய்கின்றன. பாதிக்கு மேல் போனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அடியில் வந்து பார்த்தால், லாரியிலிருந்து கொட்டியதுபோலச் சிதறிக் கிடக்கின்றன. 1960களின் பிற்பகுதியில் ஜெர்மானியர் கேயோர்க் நேஸ் செய்த படம் இது. பெயர் ‘ஷொட்டர்’, அதாவது ஜல்லி. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதன் பிரதி ஒன்று இருக்கிறது. கணிதத்தையும் நிரலையும் வைத்து விளையாடும் கலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இதற்குள் இருக்கும் சூத்திரம் ஆளை அசத்தும் அளவுக்குச் சின்னது. ஒவ்வொரு சதுரத்தையும் வரையும் முன் கணினி சில சமவாய்ப்பு எண்களை எடுக்கிறது. எவ்வளவு திருப்புவது, எவ்வளவு நகர்த்துவது என்பதை அவை தீர்மானிக்கின்றன. அந்த எண்கள் எந்த எல்லைக்குள் ஆடலாம் என்பது மட்டும் வரிசைக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான். எல்லை சட்டென்று கூடியிருந்தால் படம் மூன்றாவது வரிசையிலேயே குப்பையாகியிருக்கும். இன்னும் மெதுவாகக் கூடியிருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள். விதியை யாரும் எழுதிவிடலாம். அதை எவ்வளவு தூரம் மீற விடுவது என்று முடிவு செய்வதில்தான் இந்தத் துறையில் கலைஞரின் கை தெரிகிறது என்பது என் கட்சி.

நேஸின் முதல் கண்காட்சி 1965 பிப்ரவரியில் ஷ்டுட்கார்ட்டில் நடந்தது. தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்ஸே தொழில்நுட்பக் கல்லூரியில் நடத்திவந்த சிறு காட்சிக்கூடம் அது. வந்திருந்த ஓவியர்களுக்கு எரிச்சல். என்னுடைய பாணியிலேயே உங்கள் இயந்திரம் வரையுமா என்று ஒருவர் கேட்டாராம். வரையும், நீங்கள் எப்படி வரைகிறீர்கள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லிவிடுங்கள் என்றாராம் நேஸ். பின்னாளில் இதைப் பதிவு செய்தவர் ஃப்ரீடர் நாக்கே. அவரும் அதே ஆண்டு நவம்பரில் அதே ஊரில் நேஸோடு சேர்ந்து காட்சி வைத்தவர். நேஸின் பதிலைக் குசும்பு என்று தள்ளிவிட முடியாது. கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று அது ஓவியரிடமே திருப்பிக் கேட்கிறது.

அதே 1965 ஏப்ரலில் நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் காட்சிக்கூடத்தில் பெல் ஆய்வகத்துக்காரர்களான மைக்கேல் நோலும் பேலா யூலெஸும் தங்கள் படங்களை வைத்தார்கள். நோல் செய்த சோதனை ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மாண்ட்ரியனின் கோட்டு ஓவியம் ஒன்றையும் அதை ஒட்டிக் கணினி போட்ட படத்தையும் 100 பேரிடம் காட்டினார். கணினிப் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். கணினிப் படமே பிடித்திருக்கிறது என்றவர்கள் 59 சதவீதம். செய்தியாக இது சுவையானது. ஆனால் மனிதனா இயந்திரமா என்ற இந்தப் பந்தயம் துறையை எங்கும் கொண்டுபோகவில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் படங்களைச் சுற்றி நடக்கும் சண்டையும் அதே செக்கைத்தான் சுற்றுகிறது.

துறையை உண்மையில் நகர்த்தியவர் என்று நான் வேரா மோல்னாரைச் சொல்வேன். 1924இல் புடாபெஸ்டில் பிறந்தார், 1947இல் பாரிஸ் போனார். 1959 முதல் தன்னிடம் இல்லாத ஒரு கணினியை இருப்பதாக வைத்துக்கொண்டு வரைந்தார். கட்டளைகளை எழுதிக்கொள்வது, பிறகு தானே இயந்திரம்போல அவற்றைக் கையால் நிறைவேற்றுவது. அதற்குக் ‘கற்பனை இயந்திரம்’ என்றே பெயர் வைத்திருந்தார். நிஜக் கணினியைத் தொட அவர் 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் திரை கிடையாது. வரைகருவி தாளை வெளியே தள்ளும்வரை என்ன வரும் என்று தெரியாது.

எழுபதுகளில் அவர் செய்த ஒரு வரிசைக்குத் தலைப்பே ‘ஒரு சதவீத ஒழுங்கின்மை’. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சதுரங்கள், அவற்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பிசகு. ஐம்பது சதவீதமோ பத்து சதவீதமோ போடாமல் ஒன்றில் நிறுத்தியதில்தான் அவருடைய ருசி இருக்கிறது. இதே ருசி அவருடைய ‘என் அம்மாவின் கடிதங்கள்’ வரிசையில் வேறு ஆழத்துக்குப் போகிறது. புடாபெஸ்டிலிருந்து அம்மா வாராவாரம் எழுதுவார். இடப்பக்கம் ஒழுங்காகத் தொடங்கும் வரிகள் வலப்பக்கம் போகப்போகப் பதற்றம் கொண்டு நடுங்கும். அம்மா போன பிறகு அந்தக் கையெழுத்தின் நடுக்கத்தை மகள் நிரலாக்கினார். எழுத்துகள் இல்லாத வெறும் கிறுக்கல் வரிகள்தான் அவை. இருந்தும் ஒரு வயதான கையின் அசைவு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. 2022இல், 98 வயதில், வெனிஸ் பியென்னாலேயில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. மறுவருடம் டிசம்பரில் காலமானார்.

இயற்கையிடம் கடன் வாங்கியவர்கள் தனிக் கூட்டம். அவர்கள் செடியைப் பார்த்துச் செடியை வரைவதில்லை. செடி என்ன கணக்குப் போடுகிறது என்று கேட்கிறார்கள். 1979இல் ஹெல்முட் ஃபோகல் சூரியகாந்திக்குத் தந்த கணக்கு இரண்டே வரி. விதைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஒவ்வொன்றையும் முந்தையதிலிருந்து 137.5 பாகை திருப்பி வையுங்கள், மையத்திலிருந்து அதன் தூரம் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கட்டும். திரையில் பூவின் நடுத்தட்டு அப்படியே மலரும். இடம் சுழித்தும் வலம் சுழித்தும் போகும் சுருள்களை எண்ணினால் 34, 55, 89 என்று ஃபிபனாச்சி எண்களாக வரும். இப்போது 137.5ஐ 137.3 ஆக்கிப் பாருங்கள். தட்டு கலைந்துபோகும், சுருள்கள் ஒரே பக்கமாகச் சாயும், நடுவே வெற்றிடங்கள் கிழியும். பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். இங்கே பிசகுக்கு இடமில்லை. அந்த எண்ணை மெல்ல உருட்டி, பூ உடைவதையும் கூடுவதையும் அசைபடமாக்குவதே தொடக்கநிலை நிரலர்களுக்குப் பிடித்த விளையாட்டு.

கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986இல் பறவைக் கூட்டத்துக்கு எழுதிய விதிகள் மூன்று: அண்டையில் இருப்பவனை இடிக்காதே, அவன் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. தலைமைப் பறவை என்று எதுவும் இல்லை. 1992இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வௌவால் கூட்டம் இந்த வழியில் பறந்ததுதான். கென் பெர்லினின் கதையும் சினிமாவில் தொடங்குகிறது. 1982இல் வெளியான ‘டிரான்’ படத்தில் வேலை செய்த அவருக்கு, கணினிப் படங்களின் வழவழப்பு பிடிக்கவில்லை. சாதாரண சமவாய்ப்பு எண்கள் ஒன்றுக்கொன்று உறவற்றவை, வானொலி இரைச்சல் மாதிரி. பெர்லின் உருவாக்கிய எண்கள் அக்கம்பக்கம் பார்த்து மாறும். ஆகவே மேகம், பளிங்கு, புகை எல்லாம் அவற்றிலிருந்து எழுப்பலாம். 1997இல் இதற்காக அவருக்குத் தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கர் கிடைத்தது. அதற்குப் பின் நடந்தது கொஞ்சம் சலிப்பு. எந்தத் தளத்தைத் திறந்தாலும், அவர் பெயராலேயே வழங்கும் இந்தப் ‘பெர்லின் இரைச்சலில்’ மிதக்கும் பட்டு இழைகள். முதல் பத்து அழகு, நூறாவது வால்பேப்பர்.

தாவரவியல் பக்கமிருந்து வந்த இன்னொரு வழி நம் ஊரைத் தொட்டுப் போகிறது. 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மாயர் பாசியின் வளர்ச்சியை இலக்கண விதிகளாக எழுதினார். ஓர் எழுத்து இரண்டாகும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் கிளைக்கும். இதேபோன்ற முறைசார் இலக்கணங்களைச் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து கோலத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1974இல் வெளிவந்தது. புள்ளிகளைச் சுற்றி நெளிந்து ஒரே இழையில் முடியும் கம்பிக் கோலம், இலக்கண விதிகள் கொண்ட ஒரு மொழியாகவே அவர்கள் கையில் ஆனது. என் கட்சிக்கு இடிக்கும் உதாரணம் இது. கோலத்தில் ஒரு நெளி தப்பினால் இழை மூடாது. அங்கே விளையாட்டு பிசகில் இல்லை. அடுத்த நாள் நாலு புள்ளி கூட்டி அதே விதி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதில் இருக்கிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ஜான் மேடாவின் மாணவர்களான கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் ‘பிராசசிங்’ மொழியைத் தொடங்கினார்கள். அதில் எழுதும் நிரலை ‘ஸ்கெட்ச்’ என்றே அழைப்பார்கள். லாரன் மெக்கார்த்தியின் பி5.ஜேஎஸ் அதை உலாவிக்குள் கொண்டுவந்தது. கணக்குப் பாடத்தில் பயந்து ஓடியவர்கள் சைன் அலையோடு சிநேகமானது இவற்றால்தான். அதற்கும் முன்னால், கொமடோர் 64 கணினியில் ஒரே வரி நிரல் ஒன்று இருந்தது. நாணயம் சுண்டி இடச்சாய்கோடு அல்லது வலச்சாய்கோடு போட்டுக்கொண்டே போகும், திரை முழுக்கப் புதிர்வழி நிரம்பும். அந்த ஒற்றை வரியைப் பற்றிப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு முழுப் புத்தகம் எழுதி 2012இல் வெளியிட்டார்கள்.

2021இல் டைலர் ஹாப்ஸின் ‘ஃபிடென்ஸா’ வந்தபோது ஆட்டத்தின் விதியே மாறியது. மொத்தம் 999 படங்கள். வாங்குபவர் பணம் கட்டும் நொடியில்தான் நிரல் ஓடிப் படம் பிறக்கும். மோல்னார் நூறு தாள் அச்சிட்டுப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஹாப்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. எது வந்தாலும் பெயர் அவருடையது. எனவே பொறுக்கி எடுக்கும் வேலை முழுவதையும் அவர் முன்கூட்டியே விதிக்குள் வைத்தாக வேண்டியிருந்தது: எந்த நிறத்தொகுதி அரிதாக வரலாம், வளைவுகள் எவ்வளவு முறுக்கிக்கொள்ளலாம், பட்டைகள் எப்போது மோதலாம். அப்போது சுற்றிய பணத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்தக் கைத்திறனைப் பற்றிப் பேசியது குறைவு.

இந்தக் கலை கணிதத்திடம் வாங்கியதைத் திருப்பித் தந்ததும் உண்டு. சமதளத்தை இடைவெளியின்றி நிரப்ப வேண்டும், ஆனால் அமைப்பு எங்கும் சீராகத் திரும்பத் திரும்ப வரக் கூடாது. 1966இல் ராபர்ட் பெர்கர் இதற்கு 20,426 வகை ஓடுகளைப் பயன்படுத்தினார். 1970களில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டாகக் குறைத்தார். ஒரே ஓடு போதுமா என்பது அப்படியே நின்றது. விடை இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் ஊரிலிருந்து வந்தது. டேவிட் ஸ்மித் ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர், வடிவங்களை வைத்து விளையாடுவது அவர் பொழுதுபோக்கு. 2022 நவம்பரில் 13 பக்க உருவம் ஒன்று அவரிடம் சிக்கியது. அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார், அமைப்பு திரும்ப வரவே இல்லை. கிரெய்க் கேப்லன், ஜோசப் மையர்ஸ், கைம் குட்மன்-ஸ்ட்ராஸ் மூவரும் சேர்ந்துகொள்ள, 2023 மார்ச்சில் நிரூபணம் வெளியானது. உருவத்துக்குப் பெயர் ‘தொப்பி’. சில ஓடுகளைப் புரட்டிப் போட வேண்டியிருக்கிறதே, அது இரண்டு ஓடாகாதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதே நால்வர் மே மாதத்துக்குள் புரட்டாமலே பொருந்தும் ‘ஸ்பெக்டர்’ ஓட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நேஸ் சமவாய்ப்பு எண்ணிடம் கேட்டு வாங்கியதை இந்த ஓடு தன் விளிம்பிலேயே வைத்திருக்கிறது. தொப்பியைச் செய்ய நிரல்கூடத் தேவையில்லை. அறுகோணங்கள் நிரம்பிய தாளை எடுத்து, ஒவ்வொரு அறுகோணத்தையும் ஆறு பட்டங்களாகப் பிரித்தால், எட்டுப் பட்டங்கள் சேர்ந்தது ஒரு தொப்பி. ஐம்பது அறுபது வெட்டிக்கொண்டு மேசையில் உட்காரலாம். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு நிறமுள்ள அட்டையாக எடுங்கள், புரட்டிப் போட்டவை எவை என்று பார்த்ததுமே தெரியும்.